ஜேசான் தரவில் சரமாக வரும் எண்கள்: பிழையின்றிக் கையாள முழுமையான வழிகாட்டி

காய்கறிச் சந்தையின் தினசரி விலைப் பட்டியலை, புலப்பெயரும் மதிப்புமாகத் தரவை எழுதும் உரை வடிவமான ஜேசானில் படித்து, ஜாவாஸ்கிரிப்டில் 0-இல் தொடங்கி விலைகளைக் கூட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1200, 1350 என்ற இரு விலைகளுக்கு 2550 வர வேண்டிய இடத்தில் "012001350" என்று வருகிறது. பைத்தானில் 950, 1200 இரண்டில் பெரியது எது என்று கேட்டால் "950" என்கிறது. முதல் பிழை உடனே கண்ணில் படும். இரண்டாவது படாது. அது அமைதியாக அறிக்கையில் ஏறிவிடும்.

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. ஜேசானில் 1200 என்பது எண். "1200" என்பது நான்கு எழுத்துகள் கொண்ட சரம். சரங்களைக் கூட்டினால் ஒட்டிக்கொள்ளும். ஒப்பிட்டால் அகராதி வரிசையில் ஒப்பிடப்படும். புதிதாக நிரல் எழுதுபவர்கள் இதைக் கண்டதும், சரத்தை எண்ணாக்கும் செயற்கூற்றை (ஃபங்ஷன்) தேடி ஓடுகிறார்கள். அந்த ஒரு வரி எல்லா வேலைகளுக்கும் பிறகு வர வேண்டியது. எதை மாற்றக் கூடாது, எந்த வகைக்கு மாற்றுவது, மதிப்பே இல்லாவிட்டால் என்ன செய்வது ஆகிய மூன்றையும் முடிவு செய்யாமல் மாற்றினால், ஒரு பிழை போய் வேறொரு பிழை வரும். புதிய பிழை பெரும்பாலும் சத்தமே போடாது.

1. தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரே ஒரு பதிவைப் பார்த்துவிட்டு நிரல் எழுதத் தொடங்காதீர்கள். முதல் பதிவு எப்போதும் ஒழுங்காகவே இருக்கும். குறைந்தது சில நூறு பதிவுகளாவது வேண்டும். வெவ்வேறு நாள்களிலிருந்தும் வெவ்வேறு இடங்களிலிருந்தும் எடுத்தால் இன்னும் நல்லது. விடுமுறை நாள், மாதக் கடைசி நாள், விற்பனையே நடக்காத நாள் ஆகியவற்றின் பதிவுகளில்தான் விசித்திரங்கள் வெளிப்படும்.

வந்த தரவை மாற்றமின்றி ஒரு கோப்பில் சேமித்து வையுங்கள். உலாவியிலோ விரிதாளிலோ திறந்து பார்த்த வடிவத்தை நம்பக் கூடாது. சில கருவிகள் மேற்கோள் குறிகளைக் காட்டாது. விரிதாள் தானாகவே மதிப்புகளை மாற்றிவிடும்.

தரவை வெளியிடுபவரின் ஆவணம் இருந்தால், ஒவ்வொரு புலத்துக்கும் (பதிவில் பெயரிட்ட ஒவ்வொரு மதிப்புக்கும்) என்ன வகை, என்ன அலகு என்று எழுதியிருக்கிறதா எனப் பாருங்கள். ஆவணம் ஒன்றும் தரவு வேறொன்றும் சொன்னால் தரவின்படி நிரல் எழுதுங்கள். ஆனால் அந்த முரண்பாட்டைக் குறித்து வையுங்கள், நாளை அவர்கள் ஆவணத்துக்கேற்பத் தரவைத் திருத்திவிடக்கூடும்.

இனி வரும் படிகளுக்கெல்லாம் இந்தப் பதிவையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்:

{
  "சந்தைக் குறியீடு": "0042",
  "அஞ்சல் குறியீடு": "600001",
  "பொருள்": "சின்ன வெங்காயம்",
  "வரத்து": "1,250",
  "விலை": " 4500.50",
  "கழிவு": "",
  "பதிவு எண்": "9007199254740993"
}

வரத்து குவிண்டாலில் இருக்கிறது. விலை, ஒரு குவிண்டாலுக்கு ரூபாயில். ஏழு புலங்களில் ஆறு, எண்ணைப் போலத் தோன்றுகின்றன அல்லது எண் இருக்க வேண்டிய இடத்தில் காலியாக இருக்கின்றன. ஆறையும் ஒரே விதமாக நடத்தினால் பாதி கெட்டுவிடும்.

2. மேற்கோள் குறி வந்த காரணத்தைக் கண்டுபிடியுங்கள்

எல்லா மேற்கோள் குறிகளும் கவனக்குறைவால் வந்தவை அல்ல. சில, அனுப்புபவர் வேண்டுமென்றே வைத்தவை. அவற்றை நீக்கினால் அவர் காப்பாற்றி அனுப்பியதை நாமே கெடுப்போம்.

வேண்டுமென்றே வைப்பதற்கு முதன்மைக் காரணம், எண் மிகப் பெரிதாக இருப்பது. ஜாவாஸ்கிரிப்டின் வழக்கமான எண் வகை 64 இருமக் கூறுகளை (பிட்) கொண்ட மிதவைப் புள்ளி எண், அதாவது பல மதிப்புகளைத் தோராயமாகவே வைக்கும் வகை. அதில் 9007199254740991 வரைதான் முழு எண்களை ஐயமின்றிக் குறிக்க முடியும். மேலே உள்ள பதிவு எண்ணை மேற்கோள் குறி இல்லாமல் அனுப்பி ஜாவாஸ்கிரிப்டில் படித்தால், 993 என்று முடிய வேண்டியது 992 என்று முடியும். பிழைச் செய்தி எதுவும் வராது. இதனால்தான் கூகுளின் தரவுப் பரிமாற்ற வடிவமான புரோட்டோபஃப் செய்திகளை ஜேசானாக மாற்றும்போது 64 பிட் முழு எண்கள் சரமாகவே எழுதப்படுகின்றன. டிஸ்கார்டு என்ற அரட்டைச் சேவை தன் அடையாள எண்களைச் சரமாக அனுப்புவதும் இதனால்தான்.

இரண்டாவது காரணம் துல்லியம். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் நியூமெரிக் வகை மதிப்புகளையும் பிக்இன்ட் மதிப்புகளையும் நோட் ஜேஎஸ்ஸின் (உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் சூழல்) பிரபலமான இணைப்பு லைப்ரரி சரமாகவே தருகிறது. நியூமெரிக்கில் உள்ள காசுக் கணக்கும் பிக்இன்ட்டில் உள்ள பெரிய முழு எண்களும் மிதவைப் புள்ளியில் சிதையக் கூடாது என்பதே நோக்கம்.

கவனக்குறைவால் வருவதும் உண்டு. காற்புள்ளியால் மதிப்புகளைப் பிரிக்கும் சிஎஸ்வி கோப்பில் வகை என்ற ஒன்றே கிடையாது. அதிலிருந்து நேரடியாக ஜேசான் உருவாக்கினால் எல்லாமே சரமாகிவிடும். இணையப் படிவங்களில் பயனர் தட்டச்சு செய்த மதிப்புகளும் அப்படியே. இந்த வகைத் தரவில் காற்புள்ளி, இடைவெளி, ‘இல்லை’ போன்ற சொற்கள் எல்லாம் கலந்திருக்கும் என்று எதிர்பார்த்தே வேலையைத் தொடங்குங்கள்.

3. அளவையும் அடையாளத்தையும் பிரியுங்கள்

இந்தப் படியைத் தவறவிட்டால் மற்ற எல்லாப் படிகளையும் சரியாகச் செய்தும் பயனில்லை.

ஒவ்வொரு புலத்தையும் பார்த்து ஒரே கேள்வி கேளுங்கள்: இதைக் கூட்டுவதற்கோ, சராசரி காண்பதற்கோ, பெரிது சிறிது பார்ப்பதற்கோ பொருள் உண்டா? உண்டென்றால் அது அளவு, எண்ணாக்கலாம். இல்லையென்றால் அது இலக்கங்களால் எழுதப்பட்ட பெயர், சரமாகவே இருக்கட்டும்.

சந்தைக் குறியீடு "0042" எண்ணானால் 42 ஆகிவிடும். பிறகு வேறொரு கோப்பில் உள்ள "0042" உடன் இதைப் பொருத்த முயன்றால் எதுவும் பொருந்தாது. சென்னையின் தொலைபேசிக் குறியீடு 044, எண்ணானால் 44. வங்கிக் கணக்கு எண்களில் சில சுழியத்தில் தொடங்குகின்றன. இழந்த சுழியங்களைப் பிறகு ஒட்டவைக்கலாம் என்று நினைப்பவர்களைப் பார்க்கிறேன். மொத்தம் எத்தனை இலக்கங்கள் என்பது எல்லாப் பதிவுகளுக்கும் ஒன்றே என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே அது முடியும். வங்கிக்கு வங்கி கணக்கு எண்ணின் நீளம் மாறும்.

அஞ்சல் குறியீடு நம்மை ஏமாற்றும் புலம். இந்திய அஞ்சல் குறியீடு சுழியத்தில் தொடங்குவதில்லை. எனவே எண்ணாக்கினாலும் கெடாதது போல இருக்கும். அதே நிரலை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில முகவரிகளுக்குப் பயன்படுத்தினால், 0-வில் தொடங்கும் அவர்களின் குறியீடுகள் எல்லாம் ஓர் இலக்கம் குறைந்துபோகும். ‘இன்று கெடவில்லை’ என்பதைக் காரணமாகக் கொள்ளாதீர்கள். அஞ்சல் குறியீடுகளின் சராசரி என்று ஒன்று இல்லை, அதனால் அது சரம்.

நம் எடுத்துக்காட்டில் வரத்து, விலை, கழிவு ஆகிய மூன்றும் அளவுகள். குறியீடுகள் இரண்டும் பதிவு எண்ணும் அடையாளங்கள். பதிவு எண் சரமாகவே இருப்பதால், 9007199254740991 என்ற எல்லையைப் பற்றிக் கவலைப்படும் தேவையே எழவில்லை.

இந்தப் பட்டியலை நிரலுக்குள்ளேயே வெளிப்படையாக எழுதுங்கள். ‘இலக்கங்கள் மட்டும் இருந்தால் எண்ணாக்கு’ என்று எல்லாப் புலங்களுக்கும் பொதுவிதி போடுவதுதான் நான் பார்த்தவற்றில் அதிகச் சேதம் விளைவிக்கும் பழக்கம். பிஎச்பியில் ஜேசான் எழுதும்போது நியூமெரிக் செக் என்ற விருப்பத்தை இயக்கினால் இதே விதிதான் இயங்குகிறது; "0042" அங்கும் 42 ஆகிவிடும்.

4. ஒவ்வோர் அளவுக்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள்

எண்ணிக்கை என்றால் முழு எண். மூட்டைகள், டிக்கெட்டுகள், வருகைகள் எல்லாம் இதில் அடங்கும். "12.0" என்று வந்தால் ஏற்பதா மறுப்பதா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பைத்தானின் இன்ட் அதை மறுக்கும். ஜாவாஸ்கிரிப்டின் நம்பர் ஏற்கும்.

பணம் என்றால் தசமத் துல்லிய வகை. பைத்தானில் டெசிமல், ஜாவாவில் பிக்டெசிமல், சி ஷார்ப்பில் டெசிமல். அத்தகைய வகை மொழியிலேயே இல்லாத ஜாவாஸ்கிரிப்டில், தொகையைப் பைசாவாக மாற்றி முழு எண்ணாக வைத்துக்கொள்ளலாம். மிதவைப் புள்ளியில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வருகிறது, ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட கணக்கில் இது கடைசிக் காசில் வெளிப்படும்.

வெப்பநிலை, தூரம், மண்ணின் ஈரப்பதம் போன்ற அளவீடுகளுக்கு மிதவைப் புள்ளி போதும். அளக்கும் கருவியின் பிழையே அதைவிடப் பெரிது.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. "4500.50"-ஐ முதலில் மிதவை எண்ணாக்கி, பிறகு அதை டெசிமலாக்காதீர்கள். பைத்தானில் டெசிமலுக்கு "0.1" என்ற சரத்தைக் கொடுத்தால் சரியாக 0.1 கிடைக்கும். மிதவை எண் 0.1-ஐக் கொடுத்தால், அதற்குள் ஒளிந்திருக்கும் நீண்ட வால் முழுவதும் வந்து ஒட்டிக்கொள்ளும். அந்த வகையில் எண் சரமாக வந்தது நமக்கு நன்மை. அனுப்பியவர் எழுதிய ஒவ்வோர் இலக்கமும் அப்படியே கையில் இருக்கிறது. சரத்திலிருந்து நேராக டெசிமலுக்குப் போய்விடுங்கள்.

5. நுழைவாயிலில் ஒரே ஒரு முறை மாற்றுங்கள்

தரவு நிரலுக்குள் நுழையும் இடத்திலேயே மாற்றத்தை முடித்துவிட வேண்டும். படித்த ஜேசானை வாங்கி, சரியான வகைகள் கொண்ட பதிவைத் திருப்பித் தரும் செயற்கூறு ஒன்று போதும். அதைத் தாண்டி உள்ளே போனபின் எந்த விலையும் சரமாக இருக்கக் கூடாது.

புதியவர்கள் கணக்கு போடும் ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியாக மாற்றுகிறார்கள். பத்து இடங்களில் ஒன்பதில் மாற்றி, வரிசைப்படுத்தும் இடத்தில் மறந்துவிடுவார்கள். பட்டியல் 1, 10, 100, 2, 20 என்று வரிசையாகும். சிறிய பட்டியலில் அது தெரிவதும் இல்லை.

மாற்றிய மதிப்பைப் புதிய பதிவில் வையுங்கள். மூலப் பதிவின் மேல் எழுதாதீர்கள். ஏதாவது பொருந்தாதபோது, மூலத்தில் என்ன வந்தது என்று பார்க்க அது வேண்டியிருக்கும்.

6. மதிப்பு இல்லாததற்கும் சுழியத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காப்பாற்றுங்கள்

நம் பதிவில் கழிவு "" என்று வந்திருக்கிறது. அன்று கழிவே இல்லையா, அல்லது யாரும் அளக்கவில்லையா? இரண்டும் வேறு வேறு செய்திகள். ஜாவாஸ்கிரிப்டின் நம்பர் செயற்கூற்றுக்குக் காலிச் சரத்தைக் கொடுத்தால் 0 தருகிறது. வெறும் இடைவெளியைக் கொடுத்தாலும் 0. ‘நல்’ என்னும் வெற்று மதிப்பைக் கொடுத்தாலும் 0. ஜாவாஸ்கிரிப்டின் பெரிய முழு எண் வகையான பிக்இன்ட்டும் காலிச் சரத்தைச் சுழியமாகவே கொள்கிறது. அளக்காத நாள்களெல்லாம் கழிவே இல்லாத நாள்களாக மாறி, சராசரி கீழே இறங்கிவிடும். கழிவைக் குறைத்துவிட்டோம் என்று அதை வைத்து யாராவது முடிவெடுப்பார்கள். இதனால்தான் இந்தப் படியை வலியுறுத்துகிறேன்.

மதிப்பு இல்லாமை நான்கு உருவங்களில் வரும்: புலமே இல்லாமை, வெற்று மதிப்பு, காலிச் சரம், ‘இல்லை’ என்று பொருள்படும் சொல் அல்லது குறி. கடைசி வகையில் "-", "--", "என்ஏ", "நில்" ஆகியவற்றின் ஆங்கில வடிவங்கள் என்று பலவும் வரும். உங்கள் மாதிரித் தரவில் இலக்கங்களாக இல்லாத மதிப்புகளை எல்லாம் திரட்டி, ஒரு பட்டியலாக நிரலில் எழுதுங்கள். பட்டியலில் உள்ளவை ‘மதிப்பு இல்லை’ ஆகட்டும். பட்டியலில் இல்லாத எந்தச் சொல்லும் பிழையாகவே இருக்கட்டும். ஊகத்தில் சேர்த்துக்கொள்ளாதீர்கள், புதிய சொல் ஒன்று வந்தால் அது உங்கள் பார்வைக்கு வர வேண்டும்.

அடுத்து வரும் பொறி, மாற்றம் முடிந்தபிறகு வெளிப்படுவது. பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் "0" என்ற சரம் நிபந்தனையில் மெய். 0 என்ற எண் பொய். முன்பு ‘விலை இருந்தால்’ என்று எழுதிய நிபந்தனை, சரம் இருந்தவரை சரியாக இயங்கியிருக்கும். எண்ணாக்கியதும் சுழியம் வந்த பதிவுகளையெல்லாம் அது ஒதுக்கிவிடும். எனவே மாற்றத்துக்குப் பிறகு இத்தகைய நிபந்தனைகளைத் தேடி, ‘வெற்று மதிப்பாக இல்லாவிட்டால்’ என்று திருத்துங்கள்.

7. சுத்தம் செய்து, சரிபார்த்து, பிறகு மாற்றுங்கள்

வரிசை இதுதான், மாற்றிப் போடாதீர்கள்.

முதலில் வகையைப் பாருங்கள். சில மூலங்கள் ஒரே புலத்தில் ஒரு பதிவில் எண்ணையும் இன்னொன்றில் சரத்தையும் அனுப்பும். எண்ணாகவே வந்தால் சுத்தம் செய்யும் படிகளைத் தாண்டிவிடலாம். மெய், பொய் மதிப்புகளைத் தனியாக மறுக்க வேண்டும். பைத்தானில் மெய் என்பது முழு எண் வகையின் கிளை, அதனால் 1 என்று நுழைந்துவிடும்.

இரண்டாவது, ஓரங்களில் உள்ள இடைவெளிகளை நீக்குங்கள். வழக்கமான இடைவெளியுடன் இணையப் பக்கங்களிலிருந்து ஒட்டிக்கொள்ளும் உடையா இடைவெளியையும் பைத்தானின் ஸ்டிரிப், ஜாவாஸ்கிரிப்டின் டிரிம் இரண்டும் நீக்கும். அகலமே இல்லாத இடைவெளியை, அதாவது யூனிகோடு 200பி குறியை, இரண்டும் நீக்காது. திரையில் "1250" என்று தெரிந்தும் மாற்றம் தோற்றால், சரத்தின் நீளத்தை அச்சிட்டுப் பாருங்கள். நான்குக்குப் பதில் ஐந்து வந்தால் இத்தகைய குறி ஒன்று உள்ளே இருக்கிறது.

மூன்றாவது, மதிப்பு இல்லாமைப் பட்டியலுடன் ஒப்பிடுங்கள்.

நான்காவது, நாணயக் குறியும் அலகும். "ரூ." அல்லது "₹" முன்னால் இருந்தால் நீக்கலாம். அலகை மட்டும் படிக்காமல் வெட்டி எறியாதீர்கள். "20 குவிண்டால்", "20 கிலோ" இரண்டிலும் அலகை வெட்டினால் இரண்டும் 20 ஆகிவிடும். உண்மையில் ஒன்று மற்றதைப் போல நூறு மடங்கு. எதிர்பார்த்த அலகுதானா என்று பார்த்துவிட்டுத்தான் நீக்க வேண்டும்.

ஐந்தாவது, காற்புள்ளி. நம் ஊரில் ஒன்றேகால் லட்சம் 1,25,000 என்றும், அமெரிக்க வழக்கில் 125,000 என்றும் எழுதப்படுகிறது. இரண்டிலும் காற்புள்ளியை எடுத்துவிட்டால் போதும். ஜெர்மனியில் காற்புள்ளிதான் தசமக் குறி, அங்கே "1,250" என்றால் ஒன்றேகால், "1.250" என்றால் ஆயிரத்து இருநூற்றைம்பது. சரத்தைப் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. மூலம் எந்த வழக்கத்தைப் பின்பற்றுகிறது என்பதை அமைப்பில் எழுதி வைத்து, அதன்படி நடக்க வேண்டும்.

ஆறாவது, வடிவத்தைச் சரிபாருங்கள். பெரும்பாலான தேவைகளுக்கு இந்த ஒழுங்குக் கோவை (சரத்தின் வடிவத்தை விவரிக்கும் ரெஜெக்ஸ்) போதும்:

^-?[0-9]+(\.[0-9]+)?$

இலக்கங்களைக் குறிக்கச் சுருக்கக் குறியைப் பயன்படுத்தாமல் 0 முதல் 9 வரை என்று வெளிப்படையாக எழுதியிருப்பதற்குக் காரணம் உண்டு. பைத்தானில் அந்தச் சுருக்கக் குறி யூனிகோடின் எல்லா மொழி இலக்கங்களையும் ஏற்கும். இன்ட் செயற்கூறும் அப்படித்தான்: "௧௨௩" என்று தமிழ் இலக்கங்களில் கொடுத்தால் 123 என்று சரியாகவே மாற்றித் தருகிறது. பத்தைக் குறிக்கும் "௰" வந்தால் மட்டும் மறுத்துவிடும். தமிழ் இலக்கங்கள் வரக்கூடிய தரவு உங்களுடையது என்றால் இது பெரிய வசதி. மற்ற இடங்களில், எதிர்பாராத எழுத்து வந்தால் தெரிய வேண்டும்.

பைத்தானில், கோவையின் முடிவில் உள்ள டாலர் குறி, சரத்தின் கடைசியில் உள்ள வரி முறிவை மன்னித்துவிடும். ஆகவே முழுச் சரமும் பொருந்துகிறதா என்று பார்க்கும் ஃபுல்மேட்ச் முறையைப் பயன்படுத்துங்கள்.

இந்தச் சரிபார்ப்பைத் தவிர்த்துவிட்டு, மாற்றும் செயற்கூறே தவறானதை மறுக்கும் என்று நம்பக் கூடாது. பைத்தானின் இன்ட் "1_000"-ஐ ஆயிரம் என்று ஏற்கும். ஃப்ளோட்டும் டெசிமலும் ‘நான்’ (‘எண் அன்று’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்), ‘இன்ஃபினிட்டி’ (முடிவிலி) என்ற ஆங்கிலச் சொற்களை எண் வகையின் மதிப்புகளாகவே ஏற்றுக்கொள்ளும். ஜாவாஸ்கிரிப்டின் பார்ஸ்இன்ட் இன்னும் தாராளம்: "1,250" கொடுத்தால் காற்புள்ளியில் நின்று 1 என்று தருகிறது. வரத்து ஆயிரத்து இருநூற்றைம்பது குவிண்டால் ஒரு குவிண்டாலாகிவிடும், பிழைச் செய்தி இல்லாமல்.

"9.00720E+15" போன்ற அடுக்கு வடிவம் அடையாளப் புலத்தில் வந்தால், தரவு உங்களிடம் வரும் முன்பே விரிதாளில் சிதைந்துவிட்டது என்று பொருள். எக்செல் 15 இலக்கங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளாது. அதை எந்த நிரலாலும் மீட்க முடியாது. மூலத்திலிருந்து மீண்டும் கேட்டு வாங்க வேண்டும்.

எல்லாவற்றையும் சேர்த்தால் செயற்கூற்றின் எலும்புக்கூடு இப்படி இருக்கும் (‘விதி’ என்பது அந்தப் புலத்துக்கு நாம் முடிவு செய்த வகை, ‘இல்லை’ பட்டியல், அலகு, எல்லை ஆகியவை):

எண்ணாக்கு(மதிப்பு, விதி):
    மதிப்பு வெற்று என்றால் → ‘மதிப்பு இல்லை’
    மதிப்பு மெய் அல்லது பொய் என்றால் → பிழை
    மதிப்பு ஏற்கெனவே எண் என்றால் → விதியின் வகைக்கு மாற்றித் திருப்பு
    ஓர இடைவெளிகளை நீக்கு
    விதியின் ‘இல்லை’ பட்டியலில் இருந்தால் → ‘மதிப்பு இல்லை’
    விதியின்படி நாணயக் குறி, அலகு, காற்புள்ளி நீக்கு
    வடிவம் பொருந்தவில்லை என்றால் → பிழை
    விதியின் வகைக்கு மாற்று
    எல்லைக்குள் இல்லை என்றால் → பிழை
    திருப்பு

கடைசிக்கு முந்தைய வரியை விட்டுவிடாதீர்கள். வடிவம் சரியாக இருந்தும், விலை "-4500.50" என்று வரலாம். எல்லை என்ன என்பது தரவைப் பயன்படுத்துபவருக்குத்தான் தெரியும், கேட்டு எழுதுங்கள்.

8. உங்கள் மொழிக்குரிய பொறிகள்

பைத்தான்: ஜேசானைப் படிக்கும்போது பார்ஸ்_ஃப்ளோட் என்ற விருப்பத்துக்கு டெசிமலைக் கொடுக்கலாம். அது மேற்கோள் குறியில்லாத எண்களுக்கு மட்டுமே பொருந்தும்; சரங்களை அது தொடாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் ‘டெசிமல் கொடுத்தும் மாறவில்லையே’ என்று பலர் தடுமாறுகிறார்கள். இன்னொன்று: தவறான சரத்தைக் கொடுத்தால் இன்ட்டும் ஃப்ளோட்டும் வேல்யூஎர்ரர் எழுப்பும், டெசிமல் இன்வேலிட்ஆபரேஷன் எழுப்பும். இரண்டாவது முதலாவதன் கிளை அன்று. முதலாவதை மட்டும் பிடிக்கும் நிரல், டெசிமலுக்கு மாறியதும் நடுவில் நின்றுபோகும்.

பாண்டாஸ் (பைத்தானின் அட்டவணைத் தரவு லைப்ரரி): ரீட்_ஜேசான், இயல்பாகவே புலங்களின் வகையை ஊகித்து மாற்றும். "0042" அதில் 42 ஆகிவிடும். டிடைப் விருப்பத்தில் அடையாளப் புலங்களைச் சரம் என்று குறிப்பிடுங்கள், அல்லது ஊகத்தையே நிறுத்துங்கள். டு_நியூமெரிக் செயற்கூற்றில் ‘கோயர்ஸ்’ விருப்பம் எல்லாத் தவறுகளையும் வெற்றிடமாக்கிவிடும். பயன்படுத்தினால், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் வெற்றிடங்களை எண்ணி, வேறுபாட்டைப் பாருங்கள்.

ஜாவாஸ்கிரிப்ட்: பார்ஸ்இன்ட், பார்ஸ்ஃப்ளோட் இரண்டையும் இந்த வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள். வடிவத்தைச் சரிபார்த்த பிறகு நம்பர் போதும். ‘எண் அன்று’ என்னும் நான் மதிப்பு தனக்குத்தானே சமமாகாது. அதைக் கண்டுபிடிக்க நம்பர்.இஸ்நான் வேண்டும். கவனிக்காமல் விட்டால், திரும்ப ஜேசானாக எழுதும்போது அது வெற்று மதிப்பாக மாறி, தடயமே இல்லாமல் போய்விடும்.

கோ: கட்டமைப்பின் புலக் குறிப்பில் ‘ஸ்டிரிங்’ என்று சேர்த்தால் மேற்கோள் குறிக்குள் உள்ள எண்ணைப் படிக்கும். ஆனால் அதே புலத்தில் மேற்கோள் இல்லாத எண் வந்தால் பிழை தரும். இரண்டும் கலந்து வரும் மூலத்துக்கு ஜேசான்.நம்பர் வகை ஏற்றது. வகை சொல்லாமல் பொது இடைமுகத்தில் படித்தால் எல்லா எண்களும் 64 பிட் மிதவை எண்களாகிவிடும். பெரிய முழு எண்கள் சிதையும்.

ஜாவா: ஜேசான் படிக்கும் ஜாக்சன் லைப்ரரி இயல்பாகவே எண் சரங்களை எண்ணாக்கித் தரும். வசதியாகத் தோன்றினாலும், அடிப்படை இன்ட் வகையில் வெற்று மதிப்பைத் தாங்க இடமில்லை. ஜாக்சன் 2 பதிப்புகளின் இயல்பு அமைப்பில் அங்கே சுழியம் வந்து உட்காரும். ஆறாவது படியில் சொன்ன அதே ஆபத்து. இன்டீஜர் அல்லது பிக்டெசிமல் என்று எழுதுங்கள்.

சி ஷார்ப்: டாட்நெட் 5 முதல் சிஸ்டம்.டெக்ஸ்ட்.ஜேசானில், சரத்திலிருந்து எண்ணைப் படிக்க அனுமதிக்கும் அமைப்பு இருக்கிறது. இணையப் பயன்பாடுகளுக்கான இயல்பு அமைப்பில் அது ஏற்கெனவே இயங்குகிறது. தனி நிரல்களில் நாம்தான் இயக்க வேண்டும். அதனால் ஒரே வகுப்பு ஓரிடத்தில் படித்து, வேறிடத்தில் மறுக்கும்.

9. தோற்ற பதிவுகளை ஒதுக்கி வையுங்கள்

ஒரு பதிவு தவறானதற்காக நாள் முழுவதற்குமான இறக்குமதியை நிறுத்துவதும் சரியில்லை. தவறை விழுங்கிவிட்டு நகர்வதும் சரியில்லை. தோற்ற பதிவைத் தனிக் கோப்பில் எழுதுங்கள். அதில் பதிவின் அடையாளம், புலத்தின் பெயர், வந்த மூலச் சரம், எந்தப் படியில் தோற்றது ஆகிய நான்கும் இருக்க வேண்டும். மூலச் சரத்தை மேற்கோள் குறிகளோடு எழுதினால் ஓர இடைவெளிகள் கண்ணுக்குத் தெரியும்.

தோல்விகள் ஒரு வரம்பைத் தாண்டினால் மட்டும் நிறுத்துங்கள். எல்லாப் பதிவுகளும் ஒரே புலத்தில் தோற்றால், அனுப்புபவர் வடிவத்தை மாற்றிவிட்டார் என்று பொருள்.

10. சோதனைகளை எழுதுங்கள்

ஒவ்வொரு விதிக்கும் ஏற்க வேண்டியவை, மறுக்க வேண்டியவை, ‘மதிப்பு இல்லை’ ஆக வேண்டியவை என்று மூன்று குழுக்கள் போதும். விலைப் புலத்துக்கு " 4500.50", "1,25,000", "0" ஆகியவை ஏற்கப்பட வேண்டும். "1.2.3", "12அ", "1_000", ".5" மறுக்கப்பட வேண்டும். "", "-", வெற்று மதிப்பு மூன்றும் ‘மதிப்பு இல்லை’ ஆக வேண்டும். ஒன்பதாவது படியின் கோப்பில் புதிதாக ஏதாவது சிக்கும்போதெல்லாம் அதை அப்படியே இந்தச் சோதனைகளில் சேர்த்துவிடுங்கள்.

சுழியத்துக்குத் தனிச் சோதனை கட்டாயம். "0" உள்ளே போய் 0 ஆக வெளியே வர வேண்டும். இடையில் எந்த நிபந்தனையும் அதைத் தின்றுவிடக் கூடாது.

11. திரும்ப ஜேசானாக எழுதும்போது

பைத்தானின் ஜேசான் லைப்ரரி டெசிமலை நேரடியாக எழுதாது. வகைப் பிழை எழுப்பும். ஜாவாஸ்கிரிப்டின் பிக்இன்ட்டும் அப்படியே. அவசரத்தில் டெசிமலை ஃப்ளோட்டாக மாற்றி எழுதுபவர்கள், நான்காவது படியில் காப்பாற்றிய துல்லியத்தை இங்கே இழக்கிறார்கள். பணத்தைச் சரமாகவே எழுதுங்கள், "4500.50" என்பதன் கடைசிச் சுழியமும் நிலைக்கும். இம்முறை காற்புள்ளி, இடைவெளி, நாணயக் குறி எதுவும் இல்லாத தூய வடிவத்தில் எழுதி, அலகையும் நாணயத்தையும் தனிப் புலங்களில் கொடுங்கள்.

ஏற்கெனவே பலர் படித்துக்கொண்டிருக்கும் ஏபிஐயில் (பிற நிரல்கள் தரவு கேட்டு வாங்கும் இடைமுகம்), ஒரு புலத்தின் வகையை அதே பெயரில் மாற்றாதீர்கள். சரத்தை எதிர்பார்த்து எழுதப்பட்ட நிரல்கள் எண்ணைக் கண்டதும் உடையும். எண்ணை எதிர்பார்த்தவை சரத்தைக் கண்டு உடையும். ட்விட்டரின் பதிவு எண்கள் ஜாவாஸ்கிரிப்டின் எல்லையைத் தாண்டப் போகின்றன என்றபோது, ஐடி என்ற எண் புலத்தை இருந்தபடியே விட்டுவிட்டு, அதன் அருகில் ஐடி_எஸ்டிஆர் என்ற சரப் புலத்தைச் சேர்த்தார்கள். பழைய நிரல்கள் இயங்கிக்கொண்டிருந்தன. புதியவை சரத்தை எடுத்துக்கொண்டன. நீங்களும் புதிய பெயரில் புலத்தைச் சேர்த்து, ஆவணத்தில் அதன் வகையையும் அலகையும் எழுதி, பழைய புலத்தைப் படிப்பவர்கள் எல்லோரும் நகர்ந்த பிறகு அதை நீக்குங்கள்.